யூனிஸ் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை ஜெபம்

சித்தூர் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த யூனிஸ் டீச்சருக்கு வானத்தில் போகிற சமாசாரமெல்லாம் ஆகாது. கல்யாணமான மறுவருஷமே புருஷன் ஏசுரத்தினம் அதற்குத்தான் பெயர் கொடுத்தான். விண்கலத்தில் மாதக்கணக்கில் அடைந்து கிடப்பவர்களுக்குப் புத்தி பேதலிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? அதைத் தெரிந்துகொள்ள எழுபத்தெட்டில் திருப்பதி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நான்கு பேரை ஜன்னலில்லாத அறைக்குள் குடிவைத்தார்கள். பறக்காத ராக்கெட்டுக்கு டிரைவர் என்று தெருவே அவனைக் கேலி செய்தது.

தாழ்ப்பாள் உள்பக்கம்தான். ஒருவர் திறந்து வெளியே வந்தாலும் சோதனை அத்தனையும் வீண். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் யூனிஸ் பஸ் பிடித்து வருவாள். மைக்கில் பேசலாம், முகம் பார்க்க முடியாது. பேசி முடித்தபின் வெட்கத்தை விட்டு அந்தச் சுவரில் கன்னத்தை வைத்து நிற்பாள். அவ்வளவு ஏக்கம்.

மழைக்காலத்தில் மாமனார் ஞானசிங் இறந்துபோனார். சோதனையை நடத்திய டாக்டர் வரதராஜன் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"இப்ப சொல்லாதீங்கம்மா. உள்ள இருக்கறவங்களுக்குக் கெட்ட சேதி போகக்கூடாது. மனசு ஒடஞ்சிரும்."

மாமியாரும், "புள்ள ஆசப்பட்டுப் போயிருக்குது, கெடுக்காதம்மா" என்றாள். மகன் இல்லாமலே அடக்கம் நடந்தது.

அடுத்த ஞாயிறு யூனிஸ் சிரித்துச் சிரித்துப் பேசினாள். கடைசியில் அவன் எப்போதும் போல, "ஜெபம் பண்ணு" என்றான். மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது அவர்கள் வீட்டு முறை. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையில் கிடையாது. இதை டாக்டரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. மனுஷரிடம் பொய் சொல்லிவிடலாம், ஜெபத்தில் எப்படிச் சொல்வது? மூத்தவரான மாமனாரை விட்டுவிட்டு மாமியார் பெயரில் ஆரம்பித்தாள்.

முடிந்ததும் உள்ளேயிருந்து ஆமென் வரவில்லை.

"நைனா பேரு எங்க?"

யூனிஸ் அழுதுவிட்டாள்.

"எப்போ?"

"செவ்வாக்கெழம. தூக்கத்துலயே போய்ட்டாரு. அடக்கமும் ஆயிப்போச்சு."

மைக்கை அணைக்க வரதராஜன் கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள்.

"இப்ப நான் வெளிய வந்து இன்னா பண்றது? நைனா இருக்கப் போறாரா?"

"நான் இருக்கறனே," என்றாள் யூனிஸ். "நான் இங்கதான கீறேன்."

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. தாடியும் வெளிறிய முகமுமாக, வெளிச்சத்துக்குக் கண் கூசி நின்றான் ஏசுரத்தினம். மாதக்கணக்கில் பட்ட பாடு போச்சே என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். யூனிஸ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.