சுவரில் ஒட்டிய பையன்

என் எழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலி வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பராவின் சுவர் அடுப்புப் புகையில் கறுத்துக் கிடக்கும். பொங்கலுக்கு முன் அதன்மேல் மாவுப் பசை தடவிப் பழைய பத்திரிகைகளை ஒட்டுவோம். தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்த மாமா அங்கிருந்து ஆங்கிலப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரு படக்கதை இருக்கும். அமெரிக்காவில் யாரோ வரைந்தது. காதுவரை தொப்பியை இறக்கிய ஒரு பையனும் அவன் கூட்டாளிகளும் அதில் வருவார்கள்.

மாமாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று லயமே நம்பியது. துரையோடு பேசுகிறவர் அல்லவா. அவர் விரல் வைத்து வாசித்துச் சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், குண்டசாலையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்து வீட்டில் என்னை வேலைக்கு விட அப்பாவும் மாமாவும் பேசி முடித்தார்கள். நான் போகமாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மாமா அடிக்கவில்லை. அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த படக்கதையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் கட்டத்தில் பையன் தோளில் பையோடு வாசலில் நிற்கிறான். அவன் அம்மா கை அசைக்கிறாள். கடைசிக் கட்டத்தில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் கேக் தின்கிறார்கள். நடுவில் அவன்.

"பாத்தியாடா, இவன் டவுனுக்கு வேலைக்குப் போறான். அந்த வீட்டுப் புள்ளைங்களோட ஒண்ணா ஒக்காந்து திங்கிறான். ஒனக்கு மட்டும் என்ன வலிக்குது?"

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு மாவை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் சந்தோஷமாகவே பஸ் ஏறினேன்.

அந்த வீட்டில் எல்லாரும் மேசையில் சாப்பிட்டார்கள். அவர்கள் முடித்த பிறகு நான் குசினிப் படியில் சாப்பிட்டேன். அவர்களுடைய மகனுக்கு என் வயதுதான்; ஆனால் சின்னையா என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் அதே படக்கதையை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் திறக்கவே கூச்சம். ஆனாலும் ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. "சின்னையா, இந்தப் பையன் எந்த வீட்டுல வேல செய்றான்?" என்று கேட்டுவிட்டேன்.

"வேலையோ? விசரா, அவன் பள்ளிக்கூடம் போறவன். அது அவன்ர சொந்த வீடு."

அவர் ஓடிப்போய்த் தாயிடம் சொன்னார். அன்று பகல் விருந்தாளிகள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, அதை மறுபடியும் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். சிரித்து முடித்து ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மாமாவைப் படத்தின் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று நேராக அடுப்படிக்குத்தான் போனேன். படம் இல்லை. அந்த இடத்தில் மட்டும் புதுத்தாள். சுற்றிலும் பழைய கறுப்பு.

"கரி புடிச்சிருச்சுடா, அதான் மேல ஒட்டிட்டேன்" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

மாமாவை விட அம்மா மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. மாமா பொய் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியை அம்மா மூடிவிட்டாரே. அம்மா போய்ச்சேரும் வரை அந்த ஆத்திரம் என்னிடம் இருந்தது.

போன மாதம் என் மகள் கைப்பேசியில் அந்தப் படக்கதையைக் காட்டினாள். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தொடங்கியதாம். முதலில் வரைந்தவர் செத்து, இப்போது வேறு ஆட்கள் வரைகிறார்களாம். பையனுக்கு இன்னும் அதே வயது, அதே வகுப்பு. அவனை யாரும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய் மூடாத தோள்பையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வரைகிறார்களாம்.

என் பள்ளிக்கூடப் பையை மாவு மூட்டைச் சீலையில் அம்மாதான் தைத்தார். அதுவும் வாய் மூடாது. புத்தகம் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். எழுத்துத் தெரியாத அம்மா அன்று நிமிர்ந்து பார்த்தது அதைத்தான். அவன் பள்ளிக்கூடம் போகிறவன் என்று தெரிந்தும் என்னை பஸ் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு காலையும் மாலையும் அந்தப் பையனுக்கு முன்னால் நின்றுதான் அவர் சமைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அவனை மூடி ஒட்டினார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.