பச்சைக் கைகளின் சுவர்

இன்று கபோச் சந்தையில் ஒரு கடைக்கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தில், நகர விளிம்பில் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடம் எனக்குள் திறந்துகொண்டது: வியர்வை ஊறிய ரப்பர் பாய்கள், பந்து பட்டு அதிரும் சன்னல் கம்பிகள், அஞ்சலோட்டத்தில் வென்றவர்கள் உள்ளங்கையில் பச்சைப் பெயின்ட் தேய்த்துப் பதித்துப் பதித்து, கீழே இடமில்லாமல் ஆண்டுக்காண்டு மேலே ஏறிப்போன கைகளின் சுவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். என் கையும் அங்கே இருந்தது. சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவரைப் பராமரிக்கும் வேலையிலிருந்த அம்மாவை, அதைப் பார்க்க வரும்படி கெஞ்சுவேன்.

"சிஞ்ஞோரா விடுறா இல்லை, பிள்ளை. அடுத்த கிழமை வாறன்."

போன மாதம் சிஞ்ஞோரா இறந்த பிறகுதான் அம்மாவுக்கு ஒரு பகல் கிடைத்தது. பேருந்தில் போனோம். பள்ளியை மூடியது தெரியும், இடித்தது தெரியாது. வேலிக்குள் கல்லும் புல்லும்தான்.

"எவடத்திலை இருந்தது?"

வெறுங்காற்றில் ஓரிடத்தைக் காட்டினேன்.

"அவ்வளவு உயரத்திலையோ? உனக்கு எட்டினதே?"

"என்னோடை ஓடின பெட்டையள் தூக்கிவிட்டவை, அம்மா."

அம்மா அண்ணாந்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.