பீடத்துக்கு எட்டாமிடத்தில் செவ்வாய்

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருக்கும் கரவெட்டிக் கதிரவேலு, மகள் டிலக்ஷிக்குச் செவ்வாய் தோஷம் என்பதை அவள் பிறந்த கிழமையிலேயே அறிந்துகொண்டவர். அதன்பிறகு அவளுக்குச் சைக்கிள் வாங்கியதுகூடச் சாத்திரியாரைக் கேட்டுத்தான்.

டிலக்ஷி உயர்தரத்தில் கணிதம் படித்தாள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் (Z) புள்ளி நன்றாக வந்தது. பொறியியலுக்குப் பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அவள் மனம் தெற்கே ஒரு பொறியியல் பீடத்தில் இருந்தது. தாய் இரத்தினம்மாவுக்கு வீட்டுக்குக் கிட்டவுள்ள கிளிநொச்சிப் பீடம். கதிரவேலுவோ முதலில் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

“அப்பா, நான் பீடத்தோடை குடும்பம் நடத்தப் போறேல்லை.”

“நாலு வருசம் இருக்கப் போறாய். இப்ப சில கலியாணங்கள் அவ்வளவு காலம் நிக்கிறேல்லை.”

இணுவில் சாத்திரியார் பொன்னம்பலம் டிலக்ஷியின் சாதகத்தை விரித்துவைத்துக்கொண்டு, பீடங்களின் பிறந்த நேரத்தைக் கேட்டார். கதிரவேலு, விண்ணப்பத்தில் போடவிருந்த மூன்று பீடங்களுக்கும் போன் எடுத்தார். இரண்டு இடத்தில் உடனே சொல்லிவிட்டார்கள். தெற்குப் பீடத்தின் கந்தோரில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண் றஜிதா, விசாரித்துவிட்டு வந்து கேட்டாள்.

“ஐயா, திறந்துவைக்க வந்த பெரியவர் நல்லாப் பிந்தித்தான் வந்தவராம். சுபநேரத்தைச் சொல்லவோ, நாடா வெட்டின நேரத்தைச் சொல்லவோ?”

“பஸ் வெளிக்கிட்ட நேரம்தான் நேரம், பிள்ளை. வெட்டினதைச் சொல்லும்.”

எதற்கென்று அவள் கேட்க, கதிரவேலு உள்ளதைச் சொன்னார்.

“கட்டாயம் பாருங்கோ ஐயா. என்ரை கலியாணத்துக்குப் பாக்காமல் விட்டவை,” என்றாள் றஜிதா.

சாத்திரியார் கணக்குப் போட்டார். மற்ற இரண்டு பீடங்களுக்கும் தோஷமில்லை. கதிரவேலுவின் முகம் வாடிவிட்டது.

“நல்லாயிருக்கிற பல்கலைக்கழகங்கள். எங்கடை பிள்ளை போய் அதுகளுக்கு ஒண்டு நடந்தால், ஊர் என்ன சொல்லும்?”

தெற்குப் பீடத்துக்கு மட்டும் எட்டாமிடத்தில் செவ்வாய் இருந்தது. பெரியவர் பிந்தியதால் வந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய் பொருந்தும் என்றார் சாத்திரியார்.

“கிளிநொச்சியெண்டால் வெள்ளிக்கிழமையிலை வீட்டை வரலாம்,” என்று இரத்தினம்மா மெல்லச் சொன்னார்.

“கிட்டின சொந்தத்துக்கை செய்யிறது சரியில்லை, பிள்ளை,” என்றார் சாத்திரியார்.

டிலக்ஷி அதன்பிறகு சாத்திரத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விண்ணப்பத்தை அன்றே அனுப்பினாள். தெற்குப் பீடமே கிடைத்தது.

சேரும் நாளில் இரத்தினம்மா பயத்தம்பணியாரமும் அரியதரமும் சுட்டு, பெரிய பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். றஜிதா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். மாப்பிள்ளை பகுதி மரியாதை தெரிந்த ஆட்கள் என்று இரத்தினம்மாவுக்கு மனம் ஆறியது. கதிரவேலு வாசலில் நின்று விக்கி விக்கி அழுதார். காவலாளி சிங்களத்தில் ஏதோ ஆறுதல் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். டிலக்ஷி திரும்பிப் பாராமல் விறுவிறென்று உள்ளே போனாள்.

கொஞ்ச நாள் பொறுத்துக் கதிரவேலு றஜிதாவுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளையாலை உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லையே?”

“ஒண்டுமில்லை ஐயா. நேற்று லிப்ட் நிண்டது. அது முந்தியும் இடைக்கிடை நிக்கிறதுதான்.”

கதிரவேலு பேனையைத் தேடி எடுத்தார். பிறகு, லிப்டை முதன்முதல் ஓடவிட்ட நேரம் தெரியுமா என்று கேட்டார்.