வெள்ளிக்கிழமை முனி

உலு திராம் பக்கத்துத் தோட்டத்தை அழித்துத் தாமான் குடியிருப்பு கட்டியவர்கள், முனி கோயிலை மட்டும் தொடப் பயந்து விட்டுவிட்டார்கள். அந்த முனி போன வருஷத்திலிருந்து வெள்ளையம்மாவின் மேல் வர ஆரம்பித்தது.

வெள்ளையம்மா பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். யாரையும் ஏசி அறியாதவள். இனிப்பு நீர் நோய்க்கு ஊசி போடச் சொன்ன வருஷம்தான் வெள்ளிக்கிழமை விரதமும் எடுத்தாள். விரத நாளிலும் ஊசியை விட்டதில்லை. பொழுது சாய்ந்து கோயிலில் போய் நிற்பாள். முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு விளக்கைச் சுற்றி ஒளி நடுங்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள். அதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

மற்றவர்கள்தான் சொல்வார்கள். வேர்வையில் சேலை நனைந்து ஒட்டிவிடுமாம். ஆண்குரலில் ஏசுமாம். கேட்ட கேள்விக்குக் குறி சொல்லுமாம். பூசாரி ஐயாசாமி ஒரு சொம்புப் பானகத்தை வாயில் ஊற்றியதும் முனி மலையேறிவிடும். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடப்பாள். வழியில் தாமான் நாய்கள் ஒன்றுகூட அவளைப் பார்த்துக் குரைக்காது.

கிளினிக்கில் தாதி விஜிதா மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் கணினியைப் பார்த்தபடி மயக்கம், நடுக்கம், வேர்வை உண்டா என்று கேட்பாள். இல்லை என்பாள் வெள்ளையம்மா. சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது என்று மருந்தைக் கூட்டினார்கள். முனி செவ்வாய்க்கிழமையும் வந்தது. ஒருநாள் வீட்டில் தனியாக இருந்தபோதே வந்தது. விழித்தபோது அடுப்படித் தரையில் கிடந்தாள். சீனி டின் கவிழ்ந்திருந்தது. வாயெல்லாம் சீனி, கன்னத்தில் எறும்பு. தொடக்கூடாத சீனி. முனி தின்றிருக்கிறது என்று நினைத்து, தரையைத் துடைத்தாள். மகள் ரூபினியிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போயிருந்தாள். பக்கத்து நாற்காலியில் வயதான ஒரு மலாய் மாக்சிக். திடீரென்று அந்த அம்மாளின் மேலுதட்டில் வேர்வை முத்துமுத்தாகப் பூத்தது. கை உதறியது. எதிரே ஆளில்லாத சுவரைப் பார்த்துக் கரகரத்த குரலில் ஏசினாள். வெள்ளையம்மா சிலிப்பரைக் கழற்றிவிட்டு, எழுந்து கும்பிட்டாள்.

விஜிதா ஓடிவந்து இனிப்பான சிவப்புச் சீராப்பை அந்த வாயில் ஊற்றினாள். சற்று நேரத்தில் முனி மலையேறியது. மாக்சிக் வெட்கத்தோடு தலைத் தூடோங்கைச் சரிசெய்துகொண்டாள். தான் ஒருநாளும் பார்த்திராத தன் முகத்தை வெள்ளையம்மா அங்கே பார்த்தாள்.

தன் முறை வந்ததும் மெதுவாகக் கேட்டாள்: “அவங்களுக்கும் வருமா?”

“சாப்பிடாம ஊசி போட்டா யாருக்கும் வரும் ஆன்ட்டி. சீனி எறங்கிடும். அப்படியே விட்டா ஆளே போயிடும். ஏன், ஒங்களுக்கு வருதா? எத்தன தடவ கேட்டேன், நடுக்கம் இருக்கான்னு.”

“எனக்கு இல்லம்மா. அது முனிக்குத்தானே வந்துச்சு.”

விஜிதாவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. ஊசி போட்டால் சாப்பிடவேண்டும் என்று யாருமே சொல்லவில்லையா என்று கேட்டாள்.

“ஊசிய மறக்காதீங்கன்னீங்க. இனிப்பத் தொடாதீங்கன்னீங்க. ரெண்டையும் கேட்டேன்.”

அந்த வெள்ளிக்கிழமை அவள் சோறு சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். உறுமி அடித்தார்கள். விளக்கு விளக்காகவே எரிந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. காணாமல்போன மகனுக்காக வாராவாரம் வரும் கிருஷ்ணம்மா கும்பிட்டபடி நின்றாள்.

“தீபாவளிக்குள்ள வந்துடுவான்னு போன வாரம் சொன்னுச்சே சாமி. எந்தப் பக்கத்துலேருந்து வருவான்?”

வெள்ளையம்மா விளக்கைப் பார்த்தாள். அப்படிச் சொன்னது யார்?

“எனக்குத் தெரியாதும்மா,” என்றாள், தன் சொந்தக் குரலில். “நான் சாப்ட்டு வந்திருக்கேன்.”

உறுமி நின்றது. கிருஷ்ணம்மா அவளை விட்டு இரண்டடி பின்னே போனாள். ஐயாசாமி பானகச் சொம்போடு குனிந்து அவள் காதருகே சொன்னார்: “அடுத்த வாரம் சாப்புடாம வாக்கா. சனங்க காத்திருக்குல்ல.”

அவள் அந்தச் சொம்பைப் பார்த்தாள்.

“அது என்னைக் கொண்டுபோயிடும் ஐயாசாமி. நான் சாப்புடுவேன்.”

யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் கும்பிடவும் இல்லை. தாமானுக்குள் நுழைந்ததும் முதல் வீட்டு நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவள் வீடுவரைக்கும் தனியாக நடந்தாள்.