சாமியார் சொல்லாமல் விட்டது

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்குச் 'சாமியார்' என்று பெயர். பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவான். பத்தொன்பது வயதிலிருந்து அவன் போனில் என்ன பார்த்து வந்தான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மொட்டைமாடி மோட்டார் அறைதான் அவனுக்கு வசதி. முதலில் எப்போதாவது, பிறகு சாப்பாட்டு இடைவேளை தவறாமல். பார்த்தது அலுத்துப்போக, அதைவிடக் கொடிய ஆபாசத்தைத் தேடினான்.

முப்பதில் கல்யாணம். மனைவி மழலைப் பள்ளி ஆசிரியை, ஓயாமல் சிரிக்கிறவள். அவள் பக்கத்தில் வந்தால் அவன் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு திரையில் பார்த்ததை நினைத்தால்தான் ஏதோ நடந்தது. சில மாதங்களில் அதுவும் நின்றது. வேலைக் களைப்பு என்று முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள் அவள். பட்டினி கிடந்து இளைத்தாள். பேரப்பிள்ளை இல்லையே என்று மாமியார் குத்திக்காட்டினாள். உள்ளே நடக்காததை வெளியே சொல்லக் கூசி, மாமியார் கூட்டிப்போன மருத்துவமனைக்கெல்லாம் போய் ஊசி போட்டுக்கொண்டாள். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே உண்மையை மென்று விழுங்கினான்.

நான்காம் வருடம் ஒரு டாக்டரம்மா அவனைத் தனியே உட்காரவைத்து நேராகவே கேட்டார். சொல்லிவிட்டான்.

"அவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. இதை நீங்களே வீட்ல சொல்லிடுங்க" என்றார்.

சொல்ல மூன்று வாரம் ஆனது. அதுவரை தினமும் காலையில் அவன் கண்முன்னேதான் அவள் மாத்திரை போட்டுக்கொண்டாள். ஒரு விடுமுறை மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னான். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்க குறை, எங்க குறைன்னு நாலு வருஷமா கண்ணாடியில தேடிட்டு இருந்தேன். நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் கேட்டது ஒன்றுதான்: மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாளைக்கு என்றான். பத்து நாள் நாளைக்கு என்றே போனது. பதினோராம் நாள் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் சொன்னான். ஆம்பளைங்க செய்யறதுதானே, அவ அனுசரிச்சுப் போயிருக்கலாம் என்றாள் அம்மா.

அந்தப் போனைத் தலைமுழுகிவிட்டுப் பட்டன் போன் வாங்கினான். ஏழு மாதம் போராடினான். ஒருநாள் காலை பேருந்தில், எந்தப் படமும் குறுக்கே வராமல், மனைவி நினைவு மட்டும் வந்தது; ஆசையாகவே வந்தது. இறங்கியதும் கூப்பிட்டான்.

"அக்கா கட்டிப்பிடிச்சாக்கூட எனக்கு இப்ப உடம்பு கூசுது. நீங்க சரியாகிட்டீங்க, சந்தோஷம். வெச்சிடறேன்" என்றாள்.

அடுத்த மாதம் விவாகரத்துத் தாள் வந்தது. வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.