மாடியறைக்கு ஒரு கைப்பிடி

நார்மன் ஹெப்வொர்த் காலமெல்லாம் தச்சு வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் பாதி வீடுகளின் மாடிப்படி அவர் கைபட்டதுதான். அப்பேர்ப்பட்டவர் தம் வீட்டுக் கூரையடியை மகளுக்குப் படுக்கையறையாக மாற்றும்போது மட்டும் தப்புமேல் தப்பாகச் செய்தார். கூரைச் சரிவில் குளிருக்காகப் பதிக்கும் பஞ்சை நகராட்சி ஆய்வாளர் பார்த்த பிறகுதான் பலகை அடித்து மூட வேண்டும். அது அங்கே கத்துக்குட்டிக்கும் தெரியும். இவரோ முந்திக்கொண்டு மூடிவிட்டார். அதைப் பிரித்துக் காட்ட இன்னொரு நாள் குறித்தார்கள். அடுத்த முறை, புகை வந்தால் அலறும் மணியை மாட்ட மறந்திருந்தார். அதற்கடுத்த முறை, தீ தாங்கும் கதவில் ஒரு கீல் குறைந்தது.

ஆய்வாளர் ஜேனிஸ் சக்டன் ஒவ்வொரு முறையும் ஏறிப் பார்த்து, குறையைச் சொல்லிவிட்டுக் கீழே வந்து டீ குடிப்பாள். ஆய்வை விட டீ நேரம்தான் நீளம். மனைவி இறந்துபோன பிறகு அந்தச் சமையலறையில் அவரோடு உட்கார்ந்து பேசியவள் இவள் ஒருத்திதான்.

கடைசி ஆய்வன்று மாடிப்படியில் கைப்பிடி இல்லை. சுவரில் திருகாணித் துளைகளை அடைத்த பூச்சு இன்னும் காயவில்லை. ஜேனிஸ் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாட்டுனதக் கழட்டியிருக்கீங்க, நார்மன்."

"கோணலா இருந்துச்சு."

"நீங்க மாட்டுனது கோணலா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

அவர் படியில் கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினார்.

"சரி, மக எப்ப வர்றா?"

"வரலம்மா. ஆஸ்திரேலியாவுலயே வீடு வாங்கிட்டா. ஈஸ்டர் அப்பவே சொல்லிட்டா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு வேலை?"

"வேலைய நிறுத்திட்டா நீ வரமாட்டியே."

சொல்லிவிட்டாரே தவிர, மனிதருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆண்கள் பல்லைப் பிடுங்கினாலும் தனியாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"இதுக்கு மேல இழுத்தா ஆபீசுல என்னைக் கேப்பாங்க, நார்மன்."

"தெரியும்மா."

அவரே கதவுக்குப் பின்னாலிருந்து கைப்பிடியை எடுத்து வந்தார். இதெல்லாம் ஆய்வாளர் செய்கிற வேலையில்லை. இருந்தாலும் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, அவர் திருகாணிகளை முடுக்கினார். ஜேனிஸ் அதைப் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். டீக்கு உட்காரவில்லை, இன்னும் இரண்டு வீடு பாக்கி என்றாள்.

"அருமையான ரூம், நார்மன். இனி உங்களுக்கு எங்க தொல்லை இல்ல," என்று வாசலில் சொன்னாள்.

வண்டி மேடேறி மறையும்வரை நின்றுவிட்டு நார்மன் உள்ளே வந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மேல்தளத்தைத் தாங்கும் சுவர் அது. அதை இடிப்பதென்றால் கட்டாயம் நகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும்.