ஆப்பிள் கன்னம்

பிளேன்டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் ரேணுகா திட்டத் தொடங்குவாள். குன்னூர்க் குளிரில் விறைத்த கையை அப்படியே முகத்தில் வைத்தால், ஃபேஷியலுக்குப் படுத்திருப்பவள் எழுந்து ஓடிவிடுவாள். கை சூடாகும் வரை வாய் சும்மா இருக்க வேண்டுமா என்ன?

"ஏன்டி, மூஞ்சியக் கணப்புச் சட்டிக்குள்ள விட்டுட்டுத் தூங்குனியா? கருவாடா அது, சுட்டு எடுக்கறதுக்கு?"

நாற்காலியில் சாய்ந்திருப்பவள் கொழுந்து பறிப்பவளோ, பேங்க் மேனேஜரின் மனைவியோ, திட்டு ஒன்றுதான். 'ஏன்டி' என்பது 'ஏன் மேடம்' ஆகும், அவ்வளவே; காரம் குறையாது.

மார்க்கெட்டுக்கு மேலே, செருப்புக் கடைக்கும் வர்க்கி விற்கும் பேக்கரிக்கும் இடையில் அவளுடைய பார்லர். ஒரே அறை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஆவி பிடிக்கிற மிஷின், கொதிக்கிற கெட்டில். முன்பு இருந்தவர் கதவில் ஒட்டிவிட்டுப் போன வெள்ளைத்தோல் பெண்ணின் படத்தைக் கடை திறந்த அன்றே சுரண்டி எடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது. "நாளைக்குத் தாலி, இன்னைக்கு வந்து நிக்கறே. பெயிண்டர்கிட்டப் போ. அவன் ஒரே நாள்ல வெள்ளையடிச்சுக் குடுப்பான்."

மாசம் ஒரு தடவை, விடாமல் வர வேண்டும். அதுதான் அவள் சட்டம். பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் மேலேறி வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதற்குத் தோதாக வந்து படுத்தால்தான் செய்தது நிற்கும் என்பாள். அழுக்கெடுத்து, ஆவி காட்டி, மூக்கோரத்துக் கரும்புள்ளிகளை நகம் படாமல் நீக்கி, ரத்தம் ஓடும்படி தாடையிலிருந்து நெற்றிவரை நீவிவிடுவாள். பனிக்காற்றில் வெடித்து மரத்துப்போன முகம் மூன்றாவது நான்காவது தடவையில்தான் இளகத் தொடங்கும். நிறம் மாறாது. அதை முதல் நாளே சொல்லிவிடுவாள். "கருப்பாத்தான் வந்தே, கருப்பாத்தான் போவே. ஆனா மூஞ்சி மூஞ்சியா இருக்கும்."

குளிர் ஊரில் வெயிலுக்கு எதற்கு க்ரீம் என்று கேட்டுவிட்டால் போச்சு. "மேட்டுப்பாளையத்து வெயில் நேரா வந்து அடிக்கும், குடையப் புடிச்சுக்கலாம். நம்மூரு வெயில் மேகத்துக்குள்ள ஒளிஞ்சு நின்னு அடிக்கும். மங்கு விழுந்தப்பறம்தான் அடி வாங்குனதே தெரியும்."

இலை பறிக்கிறவளுக்கு ஃபேஷியல் ஒரு கேடா என்று எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஒருவர் வாசலில் நின்று சிரித்தார். ரேணுகா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "இலைய வாடவச்சு, சுருட்டி, சலிச்சு, அழகா டப்பாவுல போட்டு விக்கறீங்கல்ல? அதப் பறிக்கிற மூஞ்சி மாசத்துல ஒரு மணி நேரம் கண்ண மூடிப் படுத்தா உங்களுக்கு எங்கங்க எரியுது?" அவர் அதற்குப் பிறகு அந்தச் சந்து வழியே வருவதில்லை.

இந்தக் கோபம் எங்கே முளைத்தது என்று சொல்ல அவள் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். இலங்கையில் கண்டிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த அழகையாவின் பேத்தி அவள்; அவர் மகள் சின்னம்மைக்குக் கடைக்குட்டி. காலமெல்லாம் கொழுந்துக் காட்டில் நின்ற சின்னம்மைக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, காப்பித்தண்ணி கொட்டிக் காய்ந்த மாதிரி. மூத்த மகளின் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது மாப்பிள்ளையின் அத்தை, "அம்மாவக் கொஞ்சம் பின்னால நிக்கச் சொல்லுங்க, படம் எடுப்பா வராது" என்றாள். அந்தப் படத்தில் சின்னம்மை இல்லை. ஒரு முழங்கை இருக்கிறது. அன்று சிரித்தது கோத்தகிரிச் சித்தப்பா, அவர் கொழுந்தியாள், கூடலூர்ப் பெரியம்மாவின் நடு மகன் என்று ரேணுகா இன்றைக்கும் முறை வைத்துச் சொல்லுவாள். அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் போவதில்லை.

போன மாதம் ஷண்முகப்ரியா வந்தாள். டீத்தூள் பாக்கெட் போடுகிற இடத்தில் வேலை. முகமெல்லாம் பரு வெடித்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்த பெண்ணை ஒரு வருஷமாக மாசம் தவறாமல் படுக்கவைத்து, திட்டித் திட்டி ஆற்றியிருந்தாள் ரேணுகா. காரமடையில் சம்பந்தம் முடிவானதிலிருந்து மூன்று மாதமாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ரவிக்கை அளவு பார்க்கிற சாக்கில் மலையேறி வந்த மாமியாராகப் போகிறவர் சசிரேகாவும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பெண்ணின் கன்னங்கள் ஆப்பிளாகச் சிவந்திருந்தன. வழியில் பார்த்தவர்களெல்லாம், "கல்யாணக் களை வந்துருச்சு" என்றார்களாம்.

ரேணுகா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். கையைவிடக் கன்னம் சூடாக இருந்தது. திட்டு வரவில்லை. விளக்கை இழுத்துப் பார்த்தாள். தோலுக்கடியில் சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது.

"என்னடி போட்டே?"

பெண் சசிரேகாவைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து இன்னொரு புது ட்யூபை எடுத்தார். "நாந்தானுங்க, பேசி முடிச்சப்பவே குடுத்தேன். எங்கூரு மருந்துக்கடையில கேட்டு வாங்குனது. ஊட்டிப் பக்கத்துப் புள்ளைன்னதும் கன்னம் செக்கச்செவேல்னு இருக்கும்னு நெனச்சோமுங்க. இப்பத்தான் மலைப்புள்ள மாதிரி ஆயிருக்கறா. கழுத்துக்கு மட்டும் கொஞ்சம் ப்ளீச் பண்ணி உட்டீங்கன்னா ஒரே மாதிரி ஆயிருமுங்க."

ரேணுகா ட்யூபை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது செவப்பு இல்லீங்க. தோல் தேஞ்சு உள்ள ஓடற ரத்தம் தெரியுது. டாக்டர் நோவுக்கு எழுதிக் குடுக்கற மருந்து இது. தெனம் பூசுனா தோல் வெங்காயச் சருகாப் போயிரும்."

"நிறுத்துனா எரியுதுக்கா," என்றாள் பெண். "அதான் விடாமப் போடறேன்."

"எரியத்தான் செய்யும். இன்னைக்கு ப்ளீச்சும் கெடையாது, ஃபேஷியலும் கெடையாது. நேரா தோல் டாக்டர்கிட்டப் போ."

சசிரேகாவின் சிரிப்பு போய்விட்டது. "ஏனுங்க, உங்ககிட்ட மருத்துவமா கேட்டோம்? எங்க ஊட்டுக்கு வர்ற புள்ள. நாலு பேரு பாக்கறப்ப எடுப்பா இருக்கோணுமில்ல? இதெல்லாம் வேண்டாம்னா எங்க பையனுக்கு வேற எடமே இல்லாமயா போச்சு? நாங்க யோசிக்க வேண்டி வருமுங்க."

ஷண்முகப்ரியா நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். "பரவாயில்லக்கா. லேசாப் பண்ணிவிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ரேணுகாவின் முகம் காது நுனி வரை சிவந்துவிட்டது. அவள் பெண்ணைத் திட்டவில்லை. சசிரேகாவின் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு நல்ல க்ரீமு. நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"எனக்கெதுக்குங்க? எனக்கென்ன கல்யாணமா?"

"சும்மா ஒரே ஒரு பொட்டுங்க. கன்னத்துல." ட்யூபைப் பிதுக்கி, ஆள்காட்டி விரலில் பட்டாணியளவு எடுத்து, ஸ்டூலுக்குக் குனிந்து நீட்டினாள்.

சசிரேகா வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தார். முந்தானை எழுந்து இரண்டு கன்னங்களையும் மூடியது.

அதைக் கண்ணாடியில் ஷண்முகப்ரியா பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள். மூலையில் குழாய் திறக்கிற சத்தமும், பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடிக்கிற சத்தமும் கேட்டன.

ரேணுகா திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிய விரலையும் மடக்கவில்லை.